வழியில் நின்றவை

வழிச்செல்வோர் இரு திறத்தினர். சேரும் இடம் ஒன்றனையே நெஞ்சிற் கொண்டு, இடைப்பட்ட நிலத்தை வெறுந்தொலைவாக எண்ணி விரைவோர் ஒரு திறத்தினர். வழியையும் ஒரு பயனாகக் கருதி, மரத்தடிதோறும் மண்டபந்தோறும் நின்று செல்வோர் மற்றொரு திறத்தினர். காலால் நடந்தும் கட்டை வண்டி ஏறியும் சென்ற காலத்தில் மக்கள் யாவரும் இரண்டாம் திறத்தினராகவே இருத்தல் வேண்டியதாயிற்று. காளைகள் நின்றால் வண்டியும் நிற்கத்தானே வேண்டும்? இக்காலத்து நெடுஞ்சாலையோ எல்லாரையும் முதல் திறத்தினராக்கி விட்டது.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் சாலை இதற்குத் தக்க சான்றாகும். சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் பெங்களூருக்குச் செல்லும் ஊர்திகள் கிருஷ்ணகிரியில் ஒன்று கூடி, இவ்வழியாகவே மேட்டு நிலத்திற்கு ஏறுகின்றன. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் லாரிகள் எறும்புச் சாரை போல ஊர்ந்த வண்ணம் இருக்கும். இருமருங்கும் குன்றுகள், மாந்தோப்புகள், பாறைக் கரடுகள். அவற்றைத் திரும்பிப் பார்ப்பவர் அரியர்.

ஓசூர் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த ஊர். அதன் பெயர் கன்னடத்தில் புதூர் எனப் பொருள்படும். பெயர் புதிதேயன்றி ஊர் புதிதன்று. பழைய கல்வெட்டுகளில் அது செவிடபாடி என்று வழங்கியது. 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தமிழ்நாட்டின் எல்லையூராக நின்ற இதற்கு, 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பேட்டையால் இரண்டாவது முறையாகப் புதூர் என்னும் பெயர் பொருந்தலாயிற்று. லாரி செய்யும் அசோக் லேலண்டும், இருசக்கர வண்டி செய்யும் டி.வி.எஸ். நிறுவனமும், கைக்கடிகாரம் செய்யும் டைட்டனும் இங்கே ஆலைகள் அமைத்தன. தென்கோடியிலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் இளைஞர் பலர் வேலை நாடி வந்தனர்.

அங்ஙனம் வந்தவருள் ஒன்பதின்மர் ஓசூரில் ஒரு வாடகை வீட்டில் கூடி வாழ்ந்தனர். அவர்களுள் நெல்லைச் சீமையார் இருவர், இராமநாதபுரத்தார் ஒருவர், தஞ்சைப் பக்கத்தவர் ஒருவர், ஏனையோர் மதுரையையும் திண்டுக்கல்லையும் சார்ந்தவர். தஞ்சை இளைஞர் பொருத்துநர் வேலையில் கைதேர்ந்தவர். ஆனால் அவர் மனம் ஊரில் ஒட்டவில்லை. “இங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது? ஆலை மதிலும் லாரிப் புழுதியுமே! எங்கள் ஊர்ப்பக்கம் கால் வைத்த இடமெல்லாம் கோயில். தீபாவளிக்குள் வேலையை விட்டு ஊருக்குப் போய்விடுவேன்” என்று அவர் ஒருநாள் வேனில் இருந்தபடி கூறினார்.

அவர்களை நாள்தோறும் ஆலைக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர் சூளகிரிப் பக்கத்தவர்; ஐம்பது அகவை கடந்தவர். வீட்டில் தெலுங்கும், பெண் கொடுத்த இடத்தில் கன்னடமும், பள்ளியில் கற்ற தமிழும் அவர் நாவில் தடையின்றி வரும். எல்லைப்புறத்தார்க்கு இஃது இயல்பே. அவர் உடனே மறுமொழி கூறவில்லை. வண்டியை நிறுத்திய பிறகே திரும்பிப் பார்த்து, “தம்பி, சாலையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் சாலைதான் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை டீசல் செலவை மட்டும் கொடுங்கள், வண்டி என்னுடையது. ஆனால் நான் நிறுத்துகிற இடத்தில் எல்லாரும் இறங்க வேண்டும். ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று ஒருவரும் கேட்கக் கூடாது” என்றார். ஒன்பதின்மரும் இசைந்தனர்.

ஞாயிறு விடியலில் வண்டி புறப்பட்டது. ஆனித் திங்கள், ஆயினும் ஓசூரில் குளிர் இருந்தது. முதலில் நின்ற இடம் கெலவரப்பள்ளி அணை. நெல்லை இளைஞர் ஒருவர், “ஆற்றில் யாரோ பஞ்சுப் பொதிகளைக் கொட்டியிருக்கிறார்கள்!” என்று வியந்தார். அருகிற் சென்றபோதே அது நுரை எனத் தெரிந்தது. மதகு வழியே வீழ்ந்த நீர், ஆள் உயரத்திற்கு நுரைத்தெழுந்து, காற்றில் பிய்ந்து பறந்து, கரையிலுள்ள செடிகளின்மேல் தங்கியிருந்தது. உடனே மூக்கைத் துளைக்கும் நாற்றமும் எழுந்தது.

இது தென்பெண்ணை ஆறு. கருநாடகத்தில் நந்தி மலைப் பக்கம் தோன்றித் தட்சிண பினாகினி என்னும் பெயரோடு ஓடி, தமிழகம் புகுந்து, கடலூருக்கு அருகில் கடலோடு கலப்பது. பெங்களூரின் சாய்கடை நீரும் ஆலைக் கழிவும் சவர்க்கார நீரும் பெல்லந்தூர், வர்த்தூர் முதலிய ஏரிகளின் வழியே இவ்வாற்றில் வந்து சேர்கின்றன. அணையின் மதகில் நீர் மோதி விழும்போது அந்தச் சவர்க்காரமே நுரையாகிறது. ஓட்டுநர் கரையில் நின்றவாறே, “எங்கள் சிறு வயதில் இந்த நீரைக் கையால் அள்ளிக் குடித்திருக்கிறோம்” என்றார். எல்லைச் சாவடி லாரியை நிறுத்துகிறது, ஆற்றை நிறுத்துவதில்லை. இரண்டு மாநிலத்தாரும் இதற்காக வழக்காடுவதினும் நாணுதல் தக்கது.

“நல்ல இடத்தில் தொடங்கினீர்கள், அண்ணா!” என்றார் தஞ்சையார், சற்றே ஏளனமாக.

“நல்லது மட்டும் காட்டுவதாக நான் சொல்லவில்லையே, தம்பி” என்றார் ஓட்டுநர்.

அடுத்துத் தொரப்பள்ளி. சிறிய ஊர், அதனுள் ஒரு சிறிய வீடு. அவ்வூர் முன்சீப்பின் மகனாக 1878-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அவ்வீட்டில் பிறந்தவர் இராஜாஜி. ஓசூர்ப் பள்ளியிலும் பெங்களூர்க் கல்லூரியிலும் பயின்று, சேலத்தில் வழக்கறிஞராகி, 1948 முதல் 1950 வரை இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கியவர் அவர். அப்பதவியை ஏற்ற இந்தியர் அவர் ஒருவரே. அரசினர் அவ்வீட்டை நினைவில்லமாகப் போற்றி வருகின்றனர். இளைஞர்கள் அதன் தாழ்ந்த வாயிலில் குனிந்து நுழைந்து, அறைகளைப் பார்த்து வெளிவந்தனர். மதுரை இளைஞர், “எங்கள் வாடகை வீடு இதைவிடப் பெரியது” என்றார். பிறகு ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

வண்டி மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்தது. சூளகிரிக்கு அருகில், பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஓரிடத்தில் ஓட்டுநர் வண்டியை ஓரமாக ஒதுக்கினார். ஒரு வேப்பமரம், அதன் அடியில் மார்பளவு உயரமுள்ள ஒரு பலகைக் கல். மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் படிந்து உருவம் மங்கியிருந்தது. முதல்நாள் இட்ட பூ இன்னும் வாடவில்லை. ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “எங்கள் வேடியப்பன்” என்றார்.

அது ஒரு நடுகல். ஊரின் ஆநிரையைப் பகைவர் கவர்ந்தபோது அதனை மீட்கப் பொருது மாய்ந்த வீரனுக்குக் கல்லெடுத்தல் தமிழர்தம் தொன்மையான வழக்கம். தக்க கல்லைத் தேர்வதும், அதனை நீராட்டுவதும், நடுவதும், படையலிட்டு வாழ்த்துவதும் முறையாக நிகழ்வதைத் தொல்காப்பியம் கூறும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இத்தகைய கற்கள் மிகப் பல. புலியோடு பொருதவன் கல் உண்டு. பன்றியைக் குத்தியவன் கல் உண்டு. கணவனோடு தீப்புகுந்தாள் கல்லும் உண்டு. எழுத்துள்ள கற்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் காணப்படும். வீரனுடைய பெயர் மறந்து போயிற்று. ஆயினும் மக்கள் அவனை வேடியப்பன் என்னும் தெய்வமாக்கிக் கொண்டனர்.

எண்ணெய் படிந்த அக்கல்லைத் தஞ்சையார் உற்று நோக்கினார். கீழ்ப்பகுதியில் வில்லேந்திய ஒருவன். அவன் காலருகில் மாடுகள். நடுப்பகுதியில் அவனை இருபுறமும் பற்றி விண்ணுக்கு எடுத்துச் செல்லும் மகளிர். மேற்பகுதியில் அவன் சிவலிங்கத்தின் அருகே அமர்ந்திருக்கிறான். “ஒரே கல்லில் மூன்று படங்கள். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் போலிருக்கிறது” என்று அவர் தமக்குள் கூறிக்கொண்டார்.

“முன்பு இது அதோ அங்கே இருந்தது” என்று ஓட்டுநர் சாலையின் நடுவைச் சுட்டினார். “சாலையை அகலப்படுத்தியபோது, கல்லைப் பெயர்த்துப் போட்டுவிடுவார்கள் என்று தெரிந்தது. ஊரார் கூடினோம். பொங்கல் வைத்து, வேடியப்பனிடம் உத்தரவு கேட்டு, வண்டியில் ஏற்றி இங்கே கொண்டு வந்து நட்டோம். எல்லாக் கல்லுக்கும் இப்படி ஆள் இல்லை, தம்பி. ஒரு கல் துணி துவைக்கப் போயிற்று. ஒரு கல் சாய்கடைக்கு மூடியாயிற்று.”

அப்போது இராமநாதபுரத்தார் ஒரு செய்தி கூறினார். அவர் தமையனார் ஆஸ்திரேலியாவில் வேலை செய்பவர். அந்நாட்டின் உட்புறச் சாலைகள் நூற்றுக்கணக்கான கல் தொலைவு ஆளரவம் இன்றிக் கிடப்பவை. வழிப்போக்கர் தங்கள் ஊரில் சற்றே நின்று செல்லட்டும் என்று, அங்குள்ளவர் சாலையோரத்தில் வியப்பான பேருருவங்களைக் கட்டி வைத்திருக்கின்றனர். காப்ஸ் ஹார்பர் என்னும் ஊரில் 1964-இல் அமைத்த பெரிய வாழைப்பழம் ஒன்று உண்டு. கோல்பர்ன் என்னும் ஊரில் 1985-இல் கட்டிய மெரினோச் செம்மறியாடு ஏறக்குறைய 15 மீட்டர் உயரம். புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் வருவோர் குறைந்தனர். ஆகவே 2007-இல் அந்த ஆட்டை அப்படியே பெயர்த்து, நெடுஞ்சாலைக்கு அருகே கொண்டு வந்து நிறுத்தினர். தமையனார் நண்பர்களோடு காரில் சென்றபோது அதன் முன் நின்று எடுத்த படத்தை அனுப்பியிருந்தாராம்.

“அங்கே ஆடு சாலையைத் தேடி வந்தது, இங்கே சாலை வேடியப்பனைத் தேடி வந்தது” என்று நெல்லையார் கூற, எல்லாரும் நகைத்தனர். ஓட்டுநரும் நகைத்தார்.

ஈண்டு இன்னொன்றும் நினைக்கத்தக்கது. அதே ஆஸ்திரேலியாவில் கண்டகாய் என்னும் ஊரை அடுத்து, தன் தலைவனுடைய உணவுப் பெட்டியின்மேல் அமர்ந்து காவல் காக்கும் நாய் ஒன்றின் சிலையை 1932-இல் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் திறந்து வைத்தார். அதனைக் காண இன்றும் வழிப்போக்கர் நிற்கின்றனர். கிருஷ்ணகிரிக்கு அண்டை மாவட்டமாகிய திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் பொருது வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. கோவிவன் என்னும் அவன் நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும், நாயின் உருவத்தையும் அக்கல்லிலேயே பொறித்திருக்கின்றனர். கண்டகாய் நாய்க்கு வயது நூறு ஆகவில்லை. நம் கோவிவன் ஏழாம் நூற்றாண்டினன்.

வெயில் ஏறியபின் வண்டி நெடுஞ்சாலையை விட்டு விலகி, சிற்றூர்ச் சாலைகளில் நெடுநேரம் சுற்றி மல்லசந்திரத்தை அடைந்தது. அங்கே பாறைக் குன்றின்மேல் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக இட்டு, ஒரு பலகையில் வட்டமான துளை ஒன்றை விட்டு அமைத்த ஈமச் சின்னங்கள் அவை. சிலவற்றைச் சுற்றி வேறு பலகைக் கற்களும் வட்டமாக நிற்கும். நாட்டு மக்கள் இத்தகையவற்றைப் பாண்டவர் வீடு என்பர்; மோரியர் வீடு என்றும் கூறுவர். இவை ஈராயிரம் ஆண்டுகட்கு மேற்பட்டவை. சிலவற்றின் உட்புறத்தில் வெண்ணிற ஓவியங்களும் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறை இவ்விடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துள்ளது.

தஞ்சை இளைஞர் இங்கேதான் முதன்முறையாகப் பேச்சை மறந்தார். தம் பையிலிருந்த அளவு நாடாவை எடுத்து ஒரு மூடுகல்லின் நீளத்தையும் அகலத்தையும் கனத்தையும் அளந்தார். மனக்கணக்காகவே எடையைப் பெருக்கிப் பார்த்தார். “ஆலையில் இதைத் தூக்கக் கிரேன் வேண்டும், அண்ணா. இவர்கள் எப்படித் தூக்கினார்கள்?” என்றார். சாரம் கட்டினரோ, மண்ணைச் சரிவாகக் கொட்டி அதன்மேல் உருட்டினரோ, மரக்கட்டைகளை உருளையாக இட்டனரோ என்று ஒன்பதின்மரும் ஒவ்வொரு வழி கூறினர். பாறையில் தீ மூட்டிச் சூடேற்றினால் பலகை பலகையாகப் பெயரும் என்று ஓட்டுநர் கல்லுடைப்போரிடம் கேட்டதைக் கூறினார். தொழிலறிந்தவர் கண்ணுக்குப் புலப்படும் வியப்பு, வெறும் பார்வையாளர்க்குப் புலப்படுவதில்லை. நெடுநேரம் அங்கேயே கழிந்தது. ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று ஒருவரும் கேட்டிலர்.

சில திட்டைகள் சாய்ந்து கிடந்தன. சிலவற்றுக்கு மூடுகல் இல்லை. குன்றின்மேல் நின்று அத்திசை நோக்கினால், தொலைவில் வேறொரு குன்றின் ஒரு பக்கம் வெட்டுண்டு, அறுத்த வெண்ணெய் போல நேராக நிற்பது தெரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கருங்கல் கடல் கடந்து சென்று மாளிகைகளுக்குத் தளமாகிறது. பலர்க்குக் கூலி கிடைக்கிறது என்பதும் உண்மையே. ஆனால் வெட்டிய குன்று மீண்டும் வளர்வதில்லை. அதன்மேல் என்ன இருந்தது என்று பின்னால் கேட்பதற்கும் வழியில்லை.

நண்பகலுக்குப் பின்னர்க் கிருஷ்ணகிரி. சாலையோரத்தில் மாம்பழக் குவியல்கள். கிளிமூக்கு போல நுனி வளைந்த பெங்களூரா வகை, கூழாக்கும் ஆலைகளுக்கு லாரி லாரியாகச் சென்று கொண்டிருந்தது. இளைஞர்கள் பசிதீரத் தின்றனர்.

அரசு அருங்காட்சியகத்தில், ஊர்தோறும் கேட்பாரற்றுக் கிடந்த நடுகற்கள் பல அணிவகுத்து நின்றன. காலையில் ஒரு கல்லைப் படிக்கக் கற்ற தஞ்சையார், இப்போது ஏனையோர்க்குக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினார். இம்மாவட்டத்தில் பர்கூரை அடுத்த மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த சான்றுகளின் காலம் கி.மு. 2172 எனத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. ஆகவே 4,200 ஆண்டுகட்கு முன்னரே இங்கு இரும்பின் பயன் அறிந்திருந்தனர் என்று ஓட்டுநர் செய்தித்தாளில் படித்ததை நினைவு கூர்ந்தார். “அப்படியானால் நம் ஆலை இரும்பை இந்த ஊருக்குப் புதிதாகக் கொண்டு வரவில்லை” என்றார் திண்டுக்கல்லார்.

கிருஷ்ணகிரி மலைமேல் ஏறுவதற்கு ஐவர்க்கே கால் இருந்தது. 1791-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் படை இம்மலைக்கோட்டையைத் தாக்கிப் பிடிக்க முயன்று தோற்றுத் திரும்பியது. அடுத்த ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையினால்தான் பாராமகால் நாட்டோடு இதுவும் அவர்கள் கைக்கு வந்தது. ஏறியவர்கள் அதன் காரணத்தைத் தம் முழங்காலாலேயே உணர்ந்தனர். மலைமேல் ஒரு தர்கா உண்டு. அதனை வழிபட வந்த முதியவர்கள் இவர்களை முந்திச் சென்றனர்.

அந்திப்பொழுதில் கிருஷ்ணகிரி அணை. காலையில் கெலவரப்பள்ளியில் கண்ட அதே தென்பெண்ணை இங்கே அகன்று, அமைதியாக, செவ்வானத்தை ஏந்திக் கிடந்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1957-இல் இவ்வணை பயனுக்கு வந்தது. 2017 நவம்பரில் இதன் மதகுக் கதவு ஒன்று உடைந்து நீர் பெருகி ஓட, பின்னர் அதனை மாற்றி அமைத்தனர். அணையருகே மீன் வறுத்து விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. நெல்லையார் இருவரும் எண்ணெய்ச் சட்டிக்கு அருகிலேயே இடம்பிடித்துக் கொண்டனர். காலை நுரையை எண்ணி மதுரையார் மீனைத் தொடத் தயங்கினார். பிறகு மணம் வென்றது.

“இன்னும் எந்த இடம் மிச்சம், அண்ணா?” என்று தஞ்சையார் கேட்டார்.

“எவ்வளவோ மிச்சம். குந்தாணியை நீங்கள் பார்க்கவில்லையே! ஹொய்சள மன்னன் இராமநாதன் இருந்து ஆண்ட ஊர். ஒரு பேரரசு இருந்த இடம் இன்று புதருக்குள் கிடக்கிறது. இராயக்கோட்டை மலை உண்டு. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும்.”

“குந்தாணிக்கு எப்போது போகலாம்?”

“இப்போது வேண்டாம், மழைக்காலம் முடியட்டும். மார்கழியில் போனால் புதர் காய்ந்திருக்கும், பாதையும் தெரியும்.”

தஞ்சையார் விரல்விட்டுத் திங்களை எண்ணினார். “மார்கழியில் முதல் ஞாயிறு. வண்டியை வேறு யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்” என்றார்.

ஏனையோர் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டனர். தீபாவளியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெல்லையார் இன்னொரு தட்டு மீன் வாங்கி வந்தார்.